கையில் காசு குறைவு, கோடையில் நார்வே போக ஆசை: நடக்குமா?

கேள்வி இது: ஐரோப்பாவில் படிக்கும் இரண்டு மாணவர்கள், கோடை விடுமுறையில் ஒன்பது நாள், நார்வே. விடுதிக் கட்டணத்தைப் பார்த்ததும் ஆசையே போய்விட்டது. வேறு வழி உண்டா?

உண்டு. நார்வேயில் பணத்தை விழுங்குபவை கூரை, கடையில் சமைத்த சாப்பாடு, தூரம் ஆகிய மூன்றும்தான். முதல் செலவைச் சட்டமே தள்ளுபடி செய்துவிடுகிறது. 1957-ல் வந்த திறந்தவெளிச் சட்டப்படி, பயிரிடாத நிலத்தில், அது யாருடையதாக இருந்தாலும், நீங்கள் நடக்கலாம், டென்ட் போட்டுத் தூங்கலாம். கட்டணம் இல்லை, அனுமதியும் கேட்க வேண்டாம். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ விடுமுறைக் குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கக் கூடாது. ஆளரவமற்ற உயர் மலைப்பகுதியில் இதற்கு விலக்கு உண்டு. வயல், புல் அறுக்கும் நிலம், வீட்டு முற்றம் எதிலும் கால் வைக்கக் கூடாது. பச்சைப் புல்வெளியாகத் தெரிவது பலசமயம் மாட்டுத் தீவனத்துக்காக வளர்க்கும் பயிர். வெளியூர்க்காரர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். லோஃபோடன் தீவுகள் போன்ற நெரிசலான இடங்களில் உள்ளாட்சி வைத்திருக்கும் தடைப் பலகைகளை மதியுங்கள். இந்த உரிமை நிலைப்பதே பயன்படுத்துகிறவர்கள் அதைக் கெடுக்காமல் இருப்பதால்தான். காகிதத்தையும் திரும்பச் சுமந்து வாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டத் தடை. ஆகவே விறகடுப்பு எண்ணமே வேண்டாம், சிறிய கேஸ் அடுப்பு போதும். வறட்சியில் உள்ளாட்சி முழுத் தடை அறிவித்தால் அதையும் பற்றவைக்கக் கூடாது, அன்றைக்கு ரொட்டிதான். கேஸ் டப்பாவை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. இறங்கியதும் ஓஸ்லோவில் விளையாட்டுப் பொருள் கடையிலோ கிளாஸ் ஓல்சன் என்ற வீட்டுச் சாமான் கடையிலோ வாங்குங்கள். மலைக்குப் போனபிறகு கிடைக்காது. திருகு வாய் உள்ள டப்பா எங்கும் கிடைக்கும், அதற்குப் பொருந்தும் அடுப்பைக் கொண்டுவாருங்கள். குத்தித் துளைக்கும் வகை அடுப்போடு வந்தால் டப்பா தேடியே ஒரு நாள் போய்விடும். இருவருக்குக் காலையும் மாலையும் சமைக்க 230 கிராம் டப்பா நான்கைந்து நாள் வரும். ரவை, அவல், மசூர் பருப்பு வைத்துக்கொண்டால் இன்னும் இழுக்கலாம். அரிசிக்குத்தான் கேஸ் கரையும். இவையெல்லாம் ஓஸ்லோவின் கிரோன்லான் பகுதியில் புலம்பெயர்ந்தோர் நடத்தும் கடைகளில் கிடைக்கும், காய்கறியும் அங்கே மலிவு.

மற்றதற்கு கிவி, ரேமா 1000, எக்ஸ்ட்ரா ஆகிய மூன்று மலிவு அங்காடிகள். ஃபர்ஸ்ட் பிரைஸ், எக்ஸ்ட்ரா என்ற சொந்த முத்திரைப் பொருட்களையே எடுங்கள். ஓட்ஸ், ரொட்டி, தக்காளிச் சாற்றில் போட்ட கானாங்கெளுத்தி டப்பா, பழுப்புப் பாலாடைக்கட்டி இருந்தால் பகல் ஓடிவிடும். பெரும்பாலான அங்காடிகள் ஞாயிறு மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே இரண்டு நாள் சாமான் வாங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமையானது. வேறு பானம் வாங்கினால் பாட்டிலுக்கு 2 அல்லது 3 குரோனர் (நார்வே நாணயம்) முன்பணம் சேர்ந்திருக்கும். அங்காடி வாசல் இயந்திரத்தில் போட்டுத் திரும்பப் பெறலாம். அட்டையில் பணம் கட்டும்போது "உங்கள் நாட்டு நாணயத்திலா?" என்று கேட்டால் குரோனரையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் மோசம்.

இனி தூரம். ஒன்பது நாளில் ஓஸ்லோ, பேர்கன், லோஃபோடன், நாட்டின் வடகோடியிலுள்ள நார்ட்காப் முனை என்று திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் நார்வே கட்டுப்படியாகாத நாடு. ஒரே ஒரு கோட்டைப் பிடியுங்கள். நான் சொல்வது ஓஸ்லோவிலிருந்து பேர்கன் போகும் ரயில் பாதை. முழுப் பயணம் ஏறத்தாழ ஏழு மணி நேரம். வீ என்ற அரசு ரயில் நிறுவனத்தின் செயலியில் லாவ்பிரிஸ் எனப்படும் மலிவுச் சீட்டு குறைந்த எண்ணிக்கையில் வரும், முந்துகிறவருக்கே கிடைக்கும். இடையில் இறங்கப் போகிறீர்கள் என்றால் ஓஸ்லோ–ஃபின்சே, ஃபின்சே–மிர்டால் என்று துண்டுதுண்டாக வாங்குங்கள். 27 வயது வரை இளையோர் விலையில் ஐரோப்பிய ரயில்களுக்கான இண்டர்ரெயில் பாஸ் உண்டு, ஆனால் இந்த ஒரு பாதைக்கு மட்டும் அது லாபமில்லை. கோடையில் தண்டவாள வேலைக்காகச் சில நாள் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். சீட்டு எடுக்குமுன் அந்தத் தேதியைப் பாருங்கள்.

ஃபின்சே 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சாலையே கிடையாது. உணவை ஓஸ்லோவிலேயே வாங்கிச் சுமந்து போங்கள். ஹார்டாங்கர் பனியாற்றைப் பார்த்தபடி டென்டில் இரண்டு இரவு இருக்கலாம். பனியாற்றின் மேல் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள், மேலே பனி மூடிய பிளவு கண்ணுக்குத் தெரியாது. ஜூலையிலும் இரவு குளிர் உறைநிலையைத் தொடும். ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்ட "கம்ஃபர்ட்" எண் 0 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். "எக்ஸ்ட்ரீம்" எண்ணைப் பார்த்து வாங்கினால் விடியும்வரை நடுங்குவீர்கள், அது உயிர் தப்பும் அளவு மட்டுமே. அடியில் விரிக்கும் பாயும் அதே அளவு முக்கியம்: உடம்புச் சூட்டைத் தரைதான் உறிஞ்சும். மழை விடாவிட்டால் மலையேற்றச் சங்கமான டிஎன்டியின் குடில்களில் ஒதுங்கலாம், 26 வயது வரை இளையோர் சலுகை தருகிறார்கள்.

மிர்டாலிலிருந்து ஃப்ளோம் இறங்கும் மலை ரயில் பெயர்பெற்றது, விலையும் அப்படியே. அதில் ஏறாதீர்கள். பக்கத்திலேயே ரயில் பாதை போட்ட தொழிலாளர்களின் பழைய வழி இருக்கிறது, ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 866 மீட்டர் உயரத்திலிருந்து ஃபியோர்டு (மலைகளுக்கிடையே உள்ளே நுழைந்த கடல்) கரை வரை இறக்கம். அருவிகள் காலடியில். முதல் சில கிலோமீட்டர் செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகள், அங்கே சைக்கிள்காரர்களுக்கு ஒதுங்கி நில்லுங்கள். முழங்காலுக்கு ஊன்றுகோல் உதவும். ஃப்ளோமிலிருந்து பஸ்ஸில் வாஸ், அங்கிருந்து ரயிலில் பேர்கன். பேர்கனில் மழை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு இரவு விடுதிக்குக் காசு ஒதுக்கித் துணியைக் காயவைப்பது நியாயமான செலவு. ஃப்ளோயன் குன்றுக்கு இழுவை ரயில் இருந்தாலும் நடந்தே ஏறலாம். உயரம் 320 மீட்டர்தான்.

ஓஸ்லோ விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் விரைவு ரயிலை விட்டு, வீயின் சாதாரண ரயிலில் ஏறுங்கள். சில நிமிடம்தான் கூடுதல், கட்டணம் ஏறத்தாழ பாதி. மலிவு விமானச் சீட்டில் டோர்ப் என்று இருந்தால் அந்த நிலையம் ஓஸ்லோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். பஸ் காசையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எப்போது போவது? ஜூனில் ஃபின்சேயைச் சுற்றிப் பனி இன்னும் கிடக்கும். ஜூலையில் நார்வேக்காரர்களுக்கே விடுமுறை, மலிவுச் சீட்டு பறந்துவிடும். ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் அவர்கள் பள்ளிகள் திறந்துவிடுவதால் ரயிலில் இடமிருக்கும், கொசுவும் குறைந்திருக்கும். அப்போது இரவில் இருட்டும் என்பதால் தலையில் மாட்டும் விளக்கை மறக்காதீர்கள்.