போட்டிக்கு எந்த ஓரங்க நாடகம்?

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழுவில் பதினான்கு பேர், பெரும்பாலோர் மாணவியர். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அரை மணி நேரம் தருகிறார்கள். ஒருவர் ‘மேடையேற்றும் உரிமையோடு’ நாடகப் பிரதி தருவதாகக் கூறிப் பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அவர் நாடகாசிரியரா, அவருடைய வாரிசா, அவர்களிடம் எழுத்துமூலம் உரிமை பெற்றவரா என்று கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் அவர் விற்பது வெறும் நகல் தாள். ஆசிரியர் பெயரை நீக்கித் தலைப்பை மாற்றி, ஒரே நாடகத்தை நான்கு கல்லூரிகளுக்கு விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள்; ஒரே மேடையில் இரண்டு குழுக்கள் அதே வசனத்தைப் பேசும்போதுதான் குட்டு வெளிப்படும்.

நாடகத்தின் பதிப்புரிமை ஆசிரியர் வாழும்வரையும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். 2018இல் மறைந்த ந. முத்துசாமியின் நாடகத்தை எடுத்தால் வாரிசுகளிடம் எழுதிக் கேளுங்கள். ‘கல்லூரிக்கு விலக்கு உண்டு’ என்று சொல்வோர் பாதியைத்தான் சொல்கிறார்கள். கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக, அதன் மாணவரும் ஆசிரியரும் நடித்து, பார்ப்பவர்களும் அந்த மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் ஆகியோராக மட்டுமே இருந்தால் அந்த விலக்கு பொருந்தும். உங்கள் ஆண்டு விழாவில், உங்கள் அரங்கில், உங்கள் பெற்றோர் முன் நடித்தால் கவலையில்லை. அதே நாடகத்தைப் பிற கல்லூரியினர் நிறைந்த அரங்குக்குக் கொண்டுபோனால் அந்த விலக்கை நம்பி நிற்க முடியாது. போட்டி நடத்துவோரோ விதிமுறைகளில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. புகார் வந்தால் மட்டும் பொறுப்பைக் கல்லூரியின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. ரஷ்ய நாடகாசிரியர் செகாவ் 1904இல் மறைந்தவர். அவருடைய மூலத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழாக்கத்தின் உரிமையோ மொழிபெயர்ப்பாளருடையது. அதோடு, செகாவின் ‘கரடி’ போன்ற நாடகங்களில் மூவர்தாம் முதன்மைப் பாத்திரங்கள். மற்ற பதினோரு பேரும் திரைக்குப் பின்னால் நாற்காலி தூக்க வேண்டியதுதான்.

உங்கள் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’. அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை, அதாவது யாரும் பயன்படுத்தலாம் என்பதால் இடைத்தரகருக்கு வேலையே இல்லை. இராவணன் மீதான தீர்ப்பு மறுவிசாரணைக்கு வரும் கதை. வழக்குமன்றக் களம் என்பதால் பெரிய அரங்கப் பொருள்கள் தேவைப்படா, பலருக்குப் பேச வாய்ப்பும் கிடைக்கும். நீதிதேவனையும் இராவணனையும் மாணவியரே நடிக்கலாம். வாதத்தின் கூர்மைதான் முக்கியம், மீசை அன்று. முழு நாடகம் அரை மணிக்குள் அடங்காது. விசாரணைப் பகுதியை மட்டும் எடுத்து, ‘முழு நாடகத்தின் ஒரு பகுதி’ என்று ஆசிரியர் பெயரோடு அறிவித்துவிடுங்கள்.

மேடை அமைக்கும் நேரத்தையும் அந்த அரை மணியில் கணக்கிடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியாயினும், நிதானமாக வாய்விட்டு வாசித்தால் இருபத்திரண்டு நிமிடங்களில் முடியும் அளவுக்குப் பிரதியைச் சுருக்கிய பிறகே ஒத்திகையைத் தொடங்குங்கள்.