கத்தரிக்காயும் பழம்தானாம், அப்புறம் எதற்குக் காய்?

கேள்வி: எங்களுக்குத் தரங்கம்பாடி பக்கம். மகனுக்கு 7 வயது. கடவுள் மனிதனுக்குக் கனிகளை உணவாகக் கொடுத்தார் என்று சண்டே கிளாஸில் கேட்டதிலிருந்து, தட்டில் காயை ஒதுக்கிவிட்டு வாழைப்பழம், மாம்பழம் மட்டும் போதும் என்கிறான். கத்தரிக்காயும் பழம்தான் என்று பள்ளியில் வேறு சொல்லியிருக்கிறார்கள். காய்க்குப் பதில் பழமே கொடுக்கலாமா? அவனுக்கு எப்படி விளக்குவது?

பதில்: சகோதரி, உங்கள் பிள்ளை வசனத்தில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆதியாகமம் 1:29-ஐ அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். கனிமரங்களுக்கு முன்னாலேயே ‘விதைதரும் சகலவிதப் பூண்டுகளையும்’ என்று வரும். செடிகொடிகளும் அந்த விருந்தில் உண்டு. தானியேல் முதல் அதிகாரத்தையும் சொல்லுங்கள். ராஜாவின் சாப்பாட்டை வேண்டாமென்று, 10 நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீருமாக இருந்து, மற்றவர்களைவிடக் களையான முகத்தோடு நின்ற பையன்களின் கதை அது. ஆனால் காய் சாப்பிடாவிட்டால் சாமி தண்டிக்கும் என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள். பயத்தோடு விழுங்கிய காய் பிள்ளைக்கு ஒருநாளும் பிடிக்காது.

பள்ளியில் சொன்னதும் சரிதான். பூவின் சூலகம், அதாவது பூவுக்குள் விதை உருவாகும் பகுதி, வளர்ந்து, விதையைத் தாங்கி நிற்பது பழம். அந்தக் கணக்கில் கத்தரி, வெண்டை, தக்காளி, பூசணி, முருங்கைக்காய் எல்லாமே பழம். கீரை, கேரட், வாழைத்தண்டு ஆகியவை இலை, வேர், தண்டு. சமையலறைக்கு வேறு கணக்கு: இனிப்பாக அப்படியே தின்பது பழம், குழம்பிலும் பொரியலிலும் போடுவது காய். 1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, இறக்குமதி வரிக்காக வந்த ஒரு வழக்கில், தக்காளியைக் காய்கறி என்றுதான் தீர்ப்பளித்தது.

உங்கள் ஊரில் இதைக் காட்ட வாழைத்தோட்டம் போதும். ஒரே வாழையில் பூவும் தண்டும் காயும் பழமும் கிடைக்கின்றன. வாழைக்காயில் மாவுச்சத்து, பழுக்கப் பழுக்க அதில் பெரும்பகுதி சர்க்கரையாகிவிடும். பழத்தில் விதை எங்கே என்று பையன் நிச்சயம் கேட்பான். நடுவில் தெரியும் கரும்புள்ளிகள்தான், விதையாக வளராமல் நின்றுபோனவை.

மருத்துவராக எனக்கு முக்கியம் அந்தச் சர்க்கரைதான். பழம் நல்லது, ஆனால் இனிப்பு வயிற்றை நிரப்பிவிட்டால் சோறும் பருப்பும் உள்ளே போகாது. கீரையிலும் காய்களிலும் சர்க்கரை குறைவு, இரும்புச்சத்து, ஃபோலேட் (ஒரு வகை பி வைட்டமின்) போன்றவை கிடைக்கும். ஆகவே காய்க்குப் பதில் பழம் என்பது வேண்டாம். 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குக் காயும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 350 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதிக்கு மேல் காயாக இருப்பது நல்லது என்பது என் கருத்து. பழத்தை ஜூஸாக்காமல் கடித்துத் தின்னட்டும்.

அடம்பிடிக்கும் பிள்ளைக்கு முழுப் பொரியலை வைக்காமல் ஒரு ஸ்பூன் வையுங்கள். சாப்பிடவில்லையா, பேசாமல் எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே காயைத் திரும்ப வையுங்கள். பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம். காய் தின்றால் மாம்பழம் தருகிறேன் என்று பேரம் பேசினால் காய் தண்டனையாகிவிடும். முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக் கொடுங்கள். அவற்றிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும்.

முகம் வெளிறியிருந்தாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, மலம் கழிக்க அழுதாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். வயிற்றுப் பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.