பெட்ரோல் பங்க்கில் விற்கும் ஹெம்ப் கம்மியை வாங்கலாமா?

தம்பி, டெக்சாஸின் டாலஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பெட்ரோல் பங்க் கடையில் ஹெம்ப் என்கிற கஞ்சாச் செடி வகையிலிருந்து செய்த கம்மிகளை (ஜெல்லி மிட்டாய்) சிபிடி, டெல்டா-8, டிஎச்சிஏ என்று விதவிதமாக அடுக்கியிருக்கிறார்கள், ரூம்மேட் தூக்கத்துக்கு ஒன்று போட்டுக்கொள்கிறார், இவற்றுக்குள் என்ன வித்தியாசம், நாமும் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் என் கதை. சில வருஷம் முன்பு மாமனார் முழங்கால் வலியோடு ஊரிலிருந்து வந்திருந்தார். கடைக்காரர் "சிபிடி மாதிரிதான்" என்று ஒரு கம்மி டப்பாவைக் கொடுத்தார். ஒன்று சாப்பிட்டு ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்று மாமனார் இன்னொன்றும் போட்டுக்கொண்டார். இரவு 11 மணிக்கு, "மாப்பிள்ளை, ஃபேன் கீழே இறங்கி வருது" என்றார். ஃபேன் ஓடவே இல்லை. அப்புறம்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன்: கம்மிக்கு 25 மில்லிகிராம் டெல்டா-8.

செடியிலிருந்து எடுக்கும் சிபிடி போதை தராது. அரிய வகை வலிப்பு நோய்க்கு அதிலிருந்து செய்த மருந்தை 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்திருக்கிறது. டெல்டா-8 தருவது போதைதான், கஞ்சாவைவிடக் கொஞ்சம் மிதமாக. செடியில் அது துளியளவே உண்டு. கடையில் இருப்பது பெரும்பாலும் சிபிடியை அமிலம் சேர்த்து மாற்றியது; மாற்றும்போது உண்டாகும் மற்ற ரசாயனங்களை எல்லோரும் ஒழுங்காக நீக்குகிறார்களா என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதி செய்வார்களே, கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியில் அதே வேலையைச் செய்தால் எச்எச்சி. டிஎச்சிஏ பச்சையாக இருக்கும்வரை போதை தராது, பற்றவைத்தால் சூட்டில் அசல் கஞ்சாவின் டெல்டா-9 டிஎச்சி ஆகிவிடும். டிஎச்சிபி என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். மூளையின் ஏற்பியை டிஎச்சியைவிட 30 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடிக்கிறது என்று ஆய்வகச் சோதனை சொல்கிறது.

இதெல்லாம் எப்படிக் கடைக்கு வந்தது? 2018 விவசாயச் சட்டம், உலர் எடையில் டெல்டா-9 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடியை ஹெம்ப் என்றது. மற்ற வகைகளுக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 கிராம் கம்மியில் 0.3 சதவீதம் என்றால் 15 மில்லிகிராம். கஞ்சாவுக்கே அனுமதியுள்ள கொலராடோவில் ஒரு வேளை அளவு 10 மில்லிகிராம்தான்! டெக்சாஸ் சட்டமன்றம் இவற்றுக்குத் தடை கொண்டுவந்தது, 2025 ஜூனில் ஆளுநர் கிரெக் அபட் வீட்டோ செய்தார். ஆனால் அதே வருஷம் நவம்பரில் கையெழுத்தான மத்திய சட்டம், ஓராண்டு கழித்து, ஒரு டப்பாவுக்கு மொத்த டிஎச்சி 0.4 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. அலமாரியில் இருப்பதில் பெரும்பாலானவை அதில் தேறாது.

இனி, விசாவில் இருக்கும் உங்கள் விஷயம். வேலைக்கு முன் எடுக்கும் சிறுநீர்ச் சோதனை டெல்டா-8 எது, கஞ்சா எது என்று பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை. டிஎச்சி துளி கலந்த சிபிடி எண்ணெயைத் தினமும் எடுத்தால்கூட மாட்டலாம். "கடையில் விற்றார்கள், வாங்கினேன்" என்று எச்ஆரிடம் சொல்லிப் பயனில்லை. விசா படிவம் போதைப்பொருள் சட்டத்தை மீறியதுண்டா என்று கேட்கிறது. மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம்; அந்த டப்பாவில் இருந்தது ஹெம்ப்தானா என்று விமான நிலைய அதிகாரியிடம் நிரூபிக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். கிரீன் கார்டு வரும்வரை நான் இந்தப் பக்கமே தலைவைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், மாணவர் காப்பீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குக் கிளம்பும்போது ரூம்மேட்டின் டப்பா எதுவும் உங்கள் பெட்டிக்குள் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சென்னையில் இறங்கினால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அங்கே டெக்சாஸ் கடை ரசீது செல்லாது.