அந்தி மங்கலில் மான் தெரிய எந்த ஸ்கோப்?

கனடாவின் ஆல்பர்ட்டாவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகும் 54 வயது வாசகர் கேட்கிறார்: "என்னிடம் இருப்பது .308 ரைஃபிள். 400 மீட்டர் வரை சுட வேண்டும், இருட்டும் நேரத்திலும் தெரிய வேண்டும். கடையில் 6-24x50 ஸ்கோப்பைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?"

வேண்டாம். 3-12x50 வாங்குங்கள். ஸ்கோப் என்பது ரைஃபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி. 3-12 என்பது 3 முதல் 12 மடங்கு வரை உருப்பெருக்கம், 50 என்பது முன் லென்ஸின் விட்டம் மி.மீ.-இல்.

ஆல்பர்ட்டாவில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்து அரை மணி நேரம் ஆகும் வரை மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. மான்கள் காட்டோரத்தை விட்டு வெளியே வருவதும் பெரும்பாலும் அந்த மங்கலில்தான். அப்போது உங்கள் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதை ஒரு சின்ன வகுத்தல் சொல்லிவிடும். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், ஸ்கோப்பிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸை 24 மடங்கில் வைத்தால் 2 மி.மீ. சொச்சம்தான். அந்தியில் படம் கறுத்துப்போகும். 10 மடங்குக்குக் குறைத்தால் 5 மி.மீ.

இளவயதில் இருட்டில் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டினால் பலருக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. ஜெர்மனியில் பரண் மேல் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்களின் பழைய தேர்வு 8x56. அது சரியாக 7 மி.மீ. தரும். ஆனால் அதில் பாதி வெளிச்சம் உங்கள் பாவைக்கு வெளியே விழுந்து வீணாகும். பெரிய லென்ஸுக்காக ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்தினால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதியாத தொல்லை வேறு.

ஸ்கோப்பின் உடல் 30 மி.மீ. குழாயாக இருந்தால் அதிக வெளிச்சம் தரும் என்பார்கள், நம்பாதீர்கள். அதனால் கிடைப்பது குறியைத் திருகால் மேலும் கீழும் நகர்த்தக் கூடுதல் இடம். காசைக் கண்ணாடிக்கும் அதன் மேல் பூச்சுக்கும் கொடுங்கள்.

400 மீட்டரில் மானைக் குறிவைக்க 12 மடங்கு தாராளம். அங்கே சிக்கல் குண்டின் இறக்கம். 200 மீட்டரில் குறியும் குண்டும் ஒன்றுசேரும்படி சரிசெய்த .308-இல் அது அரை மீட்டரைத் தாண்டும். அதனால் மேல் திருகு ஒரு சொடுக்குக்கு 0.1 மில் (மில் என்பது கோண அளவு), அதாவது 100 மீட்டரில் 1 செ.மீ. நகர்வதாக இருக்கட்டும். கண் சற்று விலகினாலும் குறி நகராதபடி தூரத்துக்கேற்பச் சரிசெய்யும் பாரலாக்ஸ் திருகும் பக்கவாட்டில் அவசியம்.

குறுக்குக்கோடு இரண்டாம் குவியத்தளத்தில் இருப்பதே, அதாவது மடங்கை மாற்றினாலும் கோட்டின் தடிமன் மாறாமல் தெரிவதே, உங்களுக்கு நல்லது. முதல் தளத்தில் இருந்தால், மடங்கைக் குறைக்கும்போது கோடும் மெலிந்து இருட்டில் தொலைந்துபோகும். இரண்டாம் தளத்தில், குண்டின் இறக்கத்துக்காக நடுவுக்குக் கீழே போட்டிருக்கும் கோடுகளின் கணக்கு ஒரே மடங்கில்தான் சரிவரும். இறக்கத்தைத் திருகிலேயே வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. அப்புறம், நடுவில் மங்கலாகக் குறைக்கக்கூடிய சிவப்புப் புள்ளி இருந்தால் விடாதீர்கள். கறுத்த புதருக்கு முன்னால் கறுப்புக் கோடு தெரியாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 400 மீட்டர் என்பது பகலுக்கு. அந்தியில் 200-க்குள் வராத மானை விட்டுவிடுங்கள். காயத்தோடு ஓடிய மானை இருட்டில் ரத்தத்தடம் பார்த்துத் தேடுவது மிகக் கடினம், அது படும் வேதனையும் நீளும்.

கடை விளக்கொளியில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். சாயங்காலம் போய், அனுமதி கேட்டு, ரைஃபிளில் மாட்டாத ஸ்கோப்பை மட்டும் வெளியே கொண்டுவந்து, தூரத்து மரநிழலில் கிளைகளைப் பிரித்தறிய முடிகிறதா என்று 10 மடங்கில் பாருங்கள்.