பதில்: வேலையை விடாமல் சினிமா கற்க முடியுமா?

தம்பி, நாகர்கோவிலில் வேலை, குறும்படம் எடுக்க ஆசை, ஆனால் வார இறுதி வகுப்புக்குக் கேட்கிற கட்டணத்தைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உடனே பணம் கட்டிவிடாதீர்கள். நானும் ஒரு வகுப்பில் கட்டினேன்; ஆறு வாரத்தில் கேமராவைத் தொட்டது இரண்டே நாள்.

முதலில் நல்ல படங்களைப் பார்த்தே கற்கலாம். உங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம்தானே? கேரள அரசின் திரைப்பட அமைப்பான சலச்சித்திர அகாடமி நடத்தும் சர்வதேசத் திரைப்பட விழா 1996இல் தொடங்கியது. வழக்கமாக டிசம்பரில், அங்கே ஒரு வாரம் போல நடக்கும். இணையத்தில் முன்பே பதிவுசெய்து விழாவுக்கான நுழைவு அட்டையான டெலிகேட் பாஸ் வாங்க வேண்டும். வாரம் முழுக்க லீவு கிடைக்காவிட்டால் சனி, ஞாயிறு போதும். முக்கியத் திரையரங்குகளில் ஒன்றான கைரளி வளாகம் தம்பானூரில், ரயிலை விட்டு இறங்கி நடக்கிற தூரம்தான். இருக்கையை முன்பதிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் வரிசைதான். அந்த வரிசையையும் குறைவாக நினைக்காதீர்கள். முன்னால் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர் ஈரானியப் படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றிப் பின்னால் இருப்பவரோடு சண்டை போடுவார்!

ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்க்காதீர்கள், மண்டையில் எதுவும் நிற்காது. மூன்று போதும். இரவு அறைக்கு வந்ததும் ஒரே ஒரு காட்சியை, கேமரா எங்கே இருந்தது, எப்போது வெட்டினார்கள் என்று ஷாட் ஷாட்டாக நோட்டில் எழுதுங்கள்.

வகுப்பு வேண்டுமென்றால் புனே திரைப்படக் கல்லூரியின் குறுகிய காலப் படிப்புகளைப் பாருங்கள். எங்கே சேர்ந்தாலும், ‘முடிக்கும்போது நானே எடுத்த படம் கையில் இருக்குமா?’ என்று முதலில் கேளுங்கள். மழுப்பினால் வேண்டாம்.