தொட்டியில் இருக்கும் அகேவ் கற்றாழையைச் சுற்றிக் குட்டிகள் முளைத்து, தொட்டியே விரிசல் விட்டுவிட்டது. எப்படிப் பிரித்து நடுவது? பிடுங்கும்போது வேர் இல்லாமல் வந்துவிட்ட குட்டி பிழைக்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிழைக்கும். இப்போதைக்கு அதை ஒன்றும் செய்யாதீர்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு காகிதத்தின் மேல் கிடத்திவிட்டு ஒரு வாரம் மறந்துவிடுங்கள். தண்ணீரில் நிறுத்தி வைக்க வேண்டாம், ஈர மண்ணில் செருகவும் வேண்டாம்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல்முறை பிரித்தபோது ஏழு குட்டிகள் கிடைத்தன. மற்ற நாற்றுகளுக்குச் செய்வதுபோலவே ஐந்தை உடனே நட்டு, மண் படியட்டும் என்று நிறையத் தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் ஒன்று சாய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் அடிப்பாகம் வெந்த வெங்காயம் மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, கூடவே ஒரு புளித்த நாற்றம். அடுத்தடுத்து ஐந்தும் போயின. நடத் தொட்டி இல்லாமல் ஜன்னலோரம் பழைய செய்தித்தாளில் போட்டிருந்த மற்ற இரண்டையும் மூன்று வாரம் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தேன். இலைகள் கொஞ்சம் சுருங்கியிருந்தன. ஆனால் வெட்டுவாய் கட்டையாகக் காய்ந்து, அதன் விளிம்பில் அரிசிமுனை அளவுக்கு வெள்ளை வேர்முளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கவனித்து வளர்த்தவை செத்துவிட்டன, கவனிக்காமல் விட்டவை பிழைத்துக்கொண்டன. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

காரணம் எளிமையானது. அகேவ் தனக்கு வேண்டிய தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. இலைத்துளைகளையும் பெரும்பாலும் இரவில்தான் திறக்கிறது, அதனால் பகல் வெயிலில் இழக்கும் நீர் மிகக் குறைவு. வேரே இல்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அகேவால் தாங்க முடியாதது, ஆறாத வெட்டுக்காயத்தில் ஈரம் படுவதைத்தான்.

இனி முறைப்படி பிரிப்பதற்கு வருவோம். செடி வளரும் வெதுவெதுப்பான பருவத்தின் தொடக்கம்தான் நல்ல நேரம். குளிரிலும் விடாத மழையிலும் வேண்டாம். குட்டி குறைந்தது நான்கு விரல் உயரமாவது இருக்கட்டும், ஒரு சாண் இருந்தால் இன்னும் நல்லது. அதற்குள் பெரும்பாலும் சொந்த வேர் விட்டிருக்கும். பிரிப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். காய்ந்த மண் உதிர்ந்து வரும், விறைப்பாக நிற்கும் இலையும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

முள்ளை யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. சோற்றுக்கற்றாழையைக் கையாண்ட பழக்கத்தில் ஆனைக்கற்றாழை போன்ற அகேவிடம் போகாதீர்கள், இது வேறு குடும்ப வழக்கம். நுனிமுள் ஊசிபோல உள்ளே இறங்கும். குனியும்போது கண் சரியாக அந்த உயரத்துக்கு வரும் என்பதால், கண்ணாடி போடாமல் நான் இப்போது கிட்டேயே போவதில்லை. நகவெட்டியால் நுனியை மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் நறுக்கிவிட்டால் செடிக்கு ஒன்றும் ஆகாது. அல்லது இலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பழைய துண்டால் சுற்றிக் கட்டிவிடுங்கள். சாறும் பொல்லாதது, அதில் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் உண்டு. முழங்கையில் ஒருமுறை பட்டு, வரிசையாகக் கொப்புளம் வந்து இரண்டு நாள் தூங்கவிடாமல் அரித்தது. முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் கட்டாயம்.

உங்கள் தொட்டி ஏற்கெனவே விரிசல் விட்டுவிட்டதால் தயங்காமல் உடைத்துவிடுங்கள். உள்ளே பார்த்தால் வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வளையமாகச் சுற்றிக் கிடக்கும். அவற்றுக்கிடையே விரல் தடிமனில், வெள்ளையாக, கணுக்கணுவாக ஒரு தண்டு தாயிடமிருந்து குட்டிக்குப் போகும். வாழைக்குப் பக்கக்கன்று வருவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்தத் தண்டைக் கண்டுபிடித்த பிறகு கத்தியை எடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். இழுத்ததால்தான் உங்கள் குட்டி வேரை விட்டுவிட்டு வந்திருக்கிறது. குட்டியின் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டு ஒட்டியிருக்கும்படி சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். உருவினால் தோல் கழன்று வரும் வேர்கள் செத்தவை, நறுக்கிவிடலாம். வேர்களுக்கிடையில் பஞ்சுத் துணுக்கு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சி. அப்படியானால் வேரை நன்றாகக் கழுவி உலர்த்துங்கள், பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

வேருள்ள குட்டியின் வெட்டுவாய் காய நான்கைந்து நாள் போதும். வேரில்லாததற்கு ஒரு வாரமோ பத்து நாளோ விடுங்கள்.

மண்கலவையில் பாதிக்குக் குறையாமல் பெருமணலோ, பொடிச்சல்லியோ, பெர்லைட்டோ (எடையில்லாத வெள்ளைக் கற்பொரி) இருக்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் சட்டென்று இறங்கிவிட்டால் கலவை சரி. தொட்டியின் அடியில் கல் பரப்பினால் வடிகால் கூடும் என்பது பலரது நம்பிக்கை. உண்மையில் நீர் கல்லுக்கு மேலுள்ள மண்ணில் தேங்கி, ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளையை மறைக்க ஓட்டுச்சில்லு ஒன்று போதும். குட்டிக்கு மூன்று நான்கு அங்குலத் தொட்டி, தாய்க்கு வேர்க்கட்டியைவிட ஓரிரு அங்குலம் அகலமான தொட்டி. "எப்படியும் பெரிதாகத்தானே வளரப்போகிறது" என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் காயாமல் நசநசவென்று கிடக்கும். இலைகள் பிரியும் கழுத்துப்பகுதி மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும். வேரில்லாத குட்டி ஆடினால் ஆழமாகப் புதைக்காமல், சுற்றிலும் நாலு கூழாங்கல்லை அண்டக் கொடுங்கள்.

வேருள்ளதற்கு ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். வேரில்லாததற்குத் தொட்டி ஓரத்தில் அவ்வப்போது லேசாக நனைத்தால் போதும். மூன்று நான்கு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் விட்டுவிட்டது என்று அர்த்தம். சிலது இரண்டு மாதம் கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை இலை சுருங்கினால் பதறி ஊற்றிவிடாதீர்கள். வெயிலுக்கும் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும், வெந்து வெளுத்த இலை மறுபடி பச்சையாவதில்லை.

இலையை வெட்டி நட்டு வளர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அகேவில் அது நடக்காது. விக்டோரியா ரெஜினே போன்ற இனங்கள் பெரும்பாலும் ஒண்டியாகவே வளரும், அவற்றில் குட்டிக்காகக் காத்திருப்பதும் வீண். எல்லாக் குட்டிகளையும் எடுத்துவிட வேண்டுமா என்றால், நான் ஒன்றை விட்டுவைப்பேன். பெரும்பாலான அகேவ்கள் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துவிட்டுச் சாகும். ஆனைக்கற்றாழைக்கு ஆங்கிலத்தில் நூற்றாண்டுச் செடி என்று பெயரிருந்தாலும், 10 முதல் 30 ஆண்டுகளுக்குள் பூத்துவிடுவதுதான் வழக்கம். குலை தள்ளிய வாழை சாய்வதுபோலத் தாய் சாய்ந்தால், அந்த இடத்தை அந்த ஒன்று பிடித்துக்கொள்ளும்.

உடைத்த தொட்டியின் மண்ணைக் கொட்டும் முன் ஒருமுறை துழாவிப் பாருங்கள். அறுந்துபோன தண்டுத் துண்டுகளில் மொட்டு இருந்தால் தானாகவே முளைக்கும். நான் ஓரமாகக் குவித்து வைத்த பழைய மண்ணிலிருந்து ஆறு மாதம் கழித்து, நான் நடாத ஒரு குட்டி முள்ளும் முனையுமாக நீட்டிக்கொண்டு நின்றது.