மடக்குக் கத்தி சேகரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா வைத்திருந்த மடக்குக் கத்தி பரணில் கிடைத்தது. அலகில் ‘ஜோசப் ராட்ஜர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அலகு கறுத்திருக்கிறது, பிடி மஞ்சளோடிய வெள்ளை. பாத்திரக் கடைக்காரர் பஃப் போட்டுப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்கிறார். போடலாமா? எவ்வளவு பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: பஃப் வேண்டவே வேண்டாம். அந்தக் கத்தியின் ஊர், வயது, அசலா போலியா என்ற மூன்றும் அலகின் அடியில், பிடிக்குள் நுழையும் இடத்தில் உள்ள முத்திரையில்தான் இருக்கின்றன. பஃப் சக்கரம் முதலில் தின்பது அதைத்தான். முத்திரை மழுங்கிய ராட்ஜர்ஸ் வெறும் பழைய கத்தி.

தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு முத்திரை மேல் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கத்தியைச் சாய்த்துப் பாருங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ராட்ஜர்ஸின் அடையாளம் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டிஸ் சிலுவையும் (நான்கு கைகளும் முனையில் விரிந்த சிலுவை). அந்தக் குறி 1764-இல் பதிவானது. கிரீடத்தின் இருபுறமும் ‘வி’, ‘ஆர்’ எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. ‘ஜி’, ‘ஆர்’ என்றால் குழப்பம் வரும். நான்காம் ஜார்ஜும் ஜார்ஜ், ஐந்தாம் ஜார்ஜும் ஜார்ஜ். அங்கே ‘இங்கிலாந்து’ என்ற சொல் கைகொடுக்கும். அமெரிக்காவில் 1890-இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்தால், அங்கே இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் பொறிக்க வேண்டியதாயிற்று. ஆகவே ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. அந்தச் சொல் இல்லை என்பதற்காக அதற்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தியாவுக்கு வந்த சரக்குக்கு அமெரிக்கச் சட்டம் கட்டாயமில்லை.

ராட்ஜர்ஸ் பெயரில் போலிகள் ஏராளம். ஒரு சோதனை சொல்கிறோம். துருக்குழிகள் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் தொடர்ந்து இறங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் குழி விழுந்திருக்க, எழுத்து மட்டும் கூர்மையாக, குழியை வெட்டிக்கொண்டு நின்றால் அது பிற்பாடு அடித்த முத்திரை.

அடுத்தது பிடி. லென்ஸில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் குட்டைக் கீற்றுகளும் தெரிந்தால் எலும்பு. பிடியின் குறுக்கு முனையில், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வலைபோன்ற கோடுகள் தெரிந்தால் தந்தம். கோடுகள் அச்சடித்தாற்போல ஒரே சீராக ஓடி, அழுத்தித் தேய்க்கும்போது கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். செல்லுலாய்டு குபீரென்று பற்றும்.

தந்தமாக இருந்தால் விற்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே சிக்கல். ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் அறிவித்துப் பதிவு செய்ய 2003-இல் அவகாசம் தரப்பட்டது. வீட்டுப் பத்திரங்களோடு அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்துக்குப் போங்கள். மான் கொம்புப் பிடிக்கும் இதே எச்சரிக்கைதான். காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு என்று சொல்லித் தப்ப முடியாது.

கேள்வி: அமெரிக்கக் கம்பெனி ‘பக்’ செய்த 110 மாடல் மடக்குக் கத்தி ஒன்று தோல் உறையிலேயே பல வருடம் கிடந்தது. பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: புளி பித்தளையை மின்ன வைக்கும், கத்தியைக் கெடுத்துவிடும். குத்துவிளக்கில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. கத்தியில் புளித்தண்ணீர் பித்தளைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே தலைமுடி அளவு இடுக்கில் இறங்கி, உள்ளேயே தங்கித் துருவாக்கும். இரண்டு மாதம் கழித்து, திறக்கும்போது நறநறவென்று சத்தம் வரும். அப்போது செய்ய ஒன்றும் இருக்காது.

பச்சைக் களிம்பை மூங்கில் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். மிச்சத்தை, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். பித்தளையின் பழுப்பு நிறத்தை விட்டுவிடுங்கள், அதுதான் அழகு. மடக்கும் அச்சில் ஒரே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு இருபது முறை திறந்து மூடுங்கள். கறுப்பாக வெளியே வருவதைத் துடையுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும்.

களிம்புக்குக் காரணம் உறைதான். தோல் பதனிடும்போது ஏறிய அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கின்றன. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிர் ஈரத்தில் இது இன்னும் வேகம். உறையையும் கத்தியையும் தனித்தனியாக வையுங்கள்.

பக் 110 முதலில் வந்தது 1964-இல். அலகின் அடியில் 110 என்ற எண்ணோடு அம்பு முனைபோலவோ பெருக்கல் குறிபோலவோ ஒரு சின்னம் இருந்தால், அது 1986 அல்லது அதற்குப் பின் செய்தது. அந்த ஆண்டிலிருந்துதான் வருடக் குறி போட ஆரம்பித்தார்கள். அட்டைப்பெட்டி இருந்தால் முகவரியைப் பாருங்கள். தொழிற்சாலை கலிஃபோர்னியாவின் எல் கஹோனிலிருந்து ஐடஹோவின் போஸ்ட் ஃபால்ஸுக்கு 2005-இல் மாறியது. கத்தியில் எண்பதுகளின் குறி, பெட்டியில் ஐடஹோ முகவரி என்றால் பெட்டி வேறு, கத்தி வேறு.

கேள்வி: புதிதாக வாங்கிய பிரெஞ்சு ஒப்பினெல் 8-ஆம் நம்பர் கார்பன் எஃகு மடக்குக் கத்தியில் மாங்காய் நறுக்கினேன். அலகு நீலமும் கறுப்புமாக ஆகிவிட்டது. மழைக்காலத்தில் திறக்கவும் முடியவில்லை.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அலகுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாங்காய்ப் புளிப்பு கார்பன் எஃகில் ஏற்றிய நிறம் அது. செந்துரு வராமல் ஓரளவு காக்கவும் செய்யும். துணியில் தேய்த்தால் செம்பழுப்புத் தூள் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படி வந்தால் எண்ணெய் தொட்ட 0000 நம்பர் (மிக மெல்லிய) எஃகுப் பஞ்சால் துரு இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாக எடுங்கள்.

திறக்காததற்குக் காரணம் பீச் மரப்பிடி ஈரத்தில் உப்பியது. வெயிலில் வைத்தால் பிடி வெடிக்கும். நிழலில் மூன்று நாள் காற்றாட விடுங்கள். அவசரமென்றால் அலகை அசையாமல் பூட்டும் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகு நகம் பிடிக்கும் அளவு வெளியே வரும். கத்தி பிறந்த, பிரான்ஸின் சவாய் மலைநாட்டுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். உலர்ந்த பிறகு, உருக்கிய மெழுகை மூட்டின் மரத்தில் தடவிவிடுங்கள். பழைய ஒப்பினெல் தேடுகிறவர்களுக்கு: பூட்டு வளையம் 1955-இல் வந்தது. வளையமே இல்லாத அசல் பழைய கத்தி கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் அமெரிக்கக் கம்பெனி ‘கேஸ்’ செய்த ‘லிமிடெட் எடிஷன்’ டிராப்பர் (இரண்டு அலகு மடக்குக் கத்தி) விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஓசூர்

பதில்: ‘லிமிடெட்’ என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மொத்தம் எத்தனை செய்தார்கள், இது எத்தனையாவது என்ற இரண்டு எண்ணும் வேண்டும். அலகில் உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சுவிஸ் கம்பெனி விக்டோரினாக்ஸின் அலாக்ஸ் (அலுமினியப் பிடி) வரிசைபோல, ஆண்டுக்கு ஒரு நிறம் என்று வருவதும் உண்டு. அதில் கட்டுப்பாடு அந்த ஆண்டுதான், கத்திகளின் எண்ணிக்கை அல்ல. அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

கேஸ் கத்தியில் வருடம் படிப்பது சுலபம். 1970-இல் முத்திரைக்கு அடியில் பத்துப் புள்ளி. வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். நாலு புள்ளி என்றால் 1976, ஒன்று என்றால் 1979. 1980-இல் மறுபடி பத்து, ஆனால் அப்போது ‘கேஸ்’ என்ற பெயரில் உள்ள ‘எஸ்’ எழுத்து மின்னல்போல வளைந்திருக்கும். மாடல் எண்ணில் முதல் இலக்கம் பிடியின் பொருள், இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கை. 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, 54 என்பது டிராப்பர் வடிவம். விற்பவர் மூன்று அலகைக் காட்டி அந்த எண்ணைச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

படத்தில் மூடிய நிலையையும் கேட்டு வாங்குங்கள். அலகு முனை பிடிக்கு வெளியே எட்டிப் பார்த்தால், சாணையில் தேய்ந்தோ வடிவம் மாற்றியோ இருக்கிறது. 5-இல் தொடங்கும் எண் மான் கொம்புப் பிடி. மேலே சொன்ன சட்டச் சிக்கலுக்காக அதைத் தவிருங்கள்.

கேள்வி: தெருவில் வரும் சாணைக்காரரிடம் வேட்டைக் கத்தியைக் கொடுக்கலாமா?
– வாசகி, அரூர்

பதில்: அரிவாள்மனைக்குச் சரி, சேகரிப்புக் கத்திக்கு வேண்டாம். சக்கரச் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. 1000 நம்பர் தண்ணீர்க் கல்லில் (நனைத்துத் தீட்டும் கல்), பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்த்துக் கையால் தீட்டுங்கள். பெட்டி பிரிக்காத கத்தியைத் தீட்டவே கூடாது.

கேள்வி: மலையேற்றத்துக்கு 4 அங்குல வேட்டைக் கத்தி எடுத்துப் போகலாமா?
– வாசகர், அஞ்செட்டி

பதில்: உங்கள் ஊரைச் சுற்றியிருப்பது காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம். எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம், வனவிலங்குச் சட்டம் சொல்லும் ஆயுதப் பட்டியலில் கத்தியும் இருக்கிறது. நீளம் பேச்சே இல்லை. ஆயுதச் சட்ட விதிகளில் வரும் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற அளவு வேறு சங்கதி. அதைச் சொல்லி வனக்காவலரிடம் வாதாட முடியாது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பத்துப் பன்னிரண்டு கத்தி சேர்ந்துவிட்டது. எப்படி வைப்பது? மற்ற சேகரிப்பாளர்களுக்கு எப்படிக் காட்டுவது?
– வாசகர், தர்மபுரி

பதில்: மூடி இறுகும் டப்பா, உள்ளே பருத்தித் துணி, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை ஒன்று. செல்லுலாய்டுப் பிடிக் கத்தியை மட்டும் தனியாக, காற்றுப் போகும் இடத்தில் வையுங்கள். அது சிதையும்போது வரும் அமிலப் புகை பக்கத்தில் உள்ள எல்லா அலகையும் துருவாக்கும்.

படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம், திண்ணை நிழல் போதும். மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது, முத்திரை இருபுறமும், மேலிருந்து ஸ்பிரிங் என்று ஆறு படம், பக்கத்தில் ஸ்கேல். குறையையும் எடுங்கள். மறைத்த விரிசல் ஒன்று, அடுத்த பத்து பரிமாற்றத்தையும் கெடுக்கும். நேரில் காட்டும்போது மடக்கியே கொடுங்கள். அலகைத் தொட்ட கைரேகை வியர்வை உப்போடு இருக்கும், அன்றைக்கே துடைத்துவிட வேண்டும்.

நம் ஊர்க் கத்தி வடிவங்களைப் பார்க்க ஆசை இருந்தால் தர்மபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் போய்ப் பாருங்கள். இந்தப் பக்கத்து நடுகல் வீரர்கள் பலர் வில்லோடு குறுவாளும் ஏந்தி நிற்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். உங்கள் பதிவேட்டில் ஷெஃபீல்டுக்கும் சவாய்க்கும் பக்கத்தில், உள்ளூர்க் கொல்லுப்பட்டறைக் கத்திக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் அடித்தது, எந்த ஊர்ப் பட்டறை, எந்த எஃகு என்று அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அவற்றில் முத்திரை இருக்காது.